இறுகாத தரை

செத்துப்போன பெண்ணுக்கு அந்த வீட்டில் வருடா வருடம் பாதம் வளர்ந்தது. அவளுடைய அப்பா மரத்தரைக்கு லேக்கர் பூச்சு அடிப்பவர். ஊரார் வீட்டுத் தரைகளையெல்லாம் கண்ணாடியாக்கிவிட்டு, மனைவி சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்த பிறகுதான் சொந்த வீட்டு முன்னறையில் கை வைத்தார். லேக்கரில் அதை இறுகவைக்கும் ஹார்டனரை ஊற்றப் போகும்போது பள்ளியிலிருந்து போன் வந்தது, மகளுக்குக் காய்ச்சல் என்று. நான் போய்க் கூட்டிவருகிறேன், நீங்கள் வேலையை முடியுங்கள் என்றாள் மனைவி. போனை வைத்துவிட்டு வந்தவர், ஹார்டனரை ஊற்றியாயிற்று என்ற நினைப்பில் உருளையை எடுத்துவிட்டார். தரை காய்ந்தது, இறுகவில்லை. மகள் அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

துக்கம் கேட்க வந்த கூட்டம் கலைந்த மறுநாள் காலை, தரையில் சின்னப் பாதங்கள் பதிந்திருந்தன. மதியத்துக்குள் தரை தானாகச் சமமானது. மறுநாளும் பதிந்தன.

லேக்கர் கம்பெனி மேலாளர் டை கட்டிக்கொண்டு வந்து பிரசங்கம் செய்தார். ஹார்டனர் என்பது லேக்கரின் மூலக்கூறுகளைக் கைகோக்க வைப்பது. கோத்த கை பிறகு பிரியாது. இங்கே எல்லாம் தனித்தனியாக நிற்கின்றன. ஹார்டனர் கலந்து மேலே இன்னொரு கோட் அடித்தால் அடியில் இருப்பதும் பிடித்துக்கொள்ளும். பாதங்களின் விஷயம் தன் துறையில் வராது என்றார். அவருடைய பூட்ஸ் தடத்தையும், பூனைத் தடத்துக்குக் காட்டும் அதே மரியாதையோடு, மதியத்துக்குள் தரை அழித்துவிட்டது.

லேக்கர்காரர் இன்னொரு கோட் அடிக்கவில்லை. மனைவி வருடத்துக்கொரு செருப்பு, அளவு கூட்டி வாங்கிவைத்தாள். முதலில் பயந்த உறவினர்கள், பிறகு அளவு கேட்டுத் தங்கள் பிள்ளைகளின் பழைய செருப்புகளைத் தள்ளிவிட்டார்கள்.

பாதங்கள் தாயின் அளவைத் தொட்ட வருடம், அறையில் சுற்றுவதை விட்டன. வாசலைப் பார்த்து ஒரே இடத்தில், விரல்கள் ஆழ அழுந்த நின்றன.

"கிளம்பணும்னு நிக்கிறா. நாமதான் விடலைங்க."

"மறந்தது நான்தானே. இதையாவது வெச்சுக்கறேனே."

"உங்க மறதியில எத்தனை நாள்தான் அவ குடியிருப்பா?"

அவர் வாளியை எடுத்தார். ஹார்டனரை ஊற்றும்போது மனைவியைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னார். பார்த்தாள். எல்லா வீட்டிலும் செய்வதுபோல எதிர்ச்சுவரில் தொடங்கி, பின்னுக்கு நடந்தபடியே வாசல்வரை அடித்துவந்தார். அடிக்காத பட்டையில் அவருடைய காலோடு இன்னொரு ஜோடிக் காலும் பின்னுக்கு நகர்ந்தது. நிலைப்படியருகே சற்று நின்றது. அப்புறம் அவருடையது மட்டும் இருந்தது. அதன்மேலும் உருளையை ஓட்டினார்.

ஒரு வாரம் விட்டு, மனைவி வெறுங்காலோடு அறையைக் கடந்துபோய், திரும்பிக் குனிந்து பார்த்தாள். தரை நன்றாக இறுகியிருந்தது.