ஏரிக்குள் போட்ட டைல்ஸ்

தெருவில் அவளுக்குப் பாசியம்மா என்று பெயர். அவ்வளவு படித்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசியை அளக்கிறாளே என்று பக்கத்து வீடுகளுக்கு ஓர் இளக்காரம். ஆனாலும் அந்த வாரம் அவள் முகம் பேயறைந்தது போலிருந்ததை முதலில் மோப்பம் பிடித்ததும் அந்த வீடுகள்தான்.

விஷயம் இதுதான். ஏரித் தரையில் பாசி வளர்கிறதா என்று பார்க்க, வெள்ளை டைல்ஸ் துண்டுகளைக் கம்பிச் சட்டங்களில் கட்டி முக்கி வைத்திருந்தாள். குளிர் விட்டு வெயில் ஏறும் இந்தப் பருவத்தில்தான் தரைப்பாசிக்குக் கொண்டாட்டம். கோடையில் மேல்தண்ணீர் கலங்கிவிட்டால் வெளிச்சம் கீழே இறங்காது, பாசியும் அடங்கிவிடும். கொண்டாட வேண்டிய நேரத்தில் டைல்ஸோ கடையிலிருந்து நேரே வந்தது போலப் பளபளத்தது. தரை செத்துவிட்டது என்று அவள் சொன்னால், நகரசபை இயந்திரத்தை இறக்கி ஏரியைச் சுரண்டி எடுத்துவிடும். மறுநாள் நகரசபைக் கூட்டத்தில் அவள் முடிவைச் சொல்லியாக வேண்டும்.

மத்தியானம் தட்டை வெறித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து மாமனார் தொண்டையைச் செருமினார். தினமும் காலையில் ஏரியில் நீந்துகிறவர்.

"என்னம்மா, டைல்ஸ்ல ஏதாவது குறையா? நல்லாத்தானே தேய்ச்சேன்?"

"என்னது, தேய்ச்சீங்களா?"

"வழவழன்னு ஒரே அழுக்கு. மருமக வேலையப் பாத்து நாலு பேர் சிரிக்கக் கூடாதுல்ல? தேங்கா நாரை வெச்சு தினம் ஒரு இழு இழுத்துட்டு வருவேன்."

கணவனுக்குப் புரையேறியது. "அப்பா! அந்த அழுக்கைத்தான் இவ வளர்க்கிறா!"

"முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" என்றார் மாமனார்.

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "எல்லாத்தையுமா மாமா?"

"கோரைப் பக்கம் போகல. அங்க அட்டை கடிக்கும்."

சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு, அவளுடைய கருவிப் பையோடு மூவரும் ஏரிக்கு ஓடியதைத் தெருவே ஜன்னலில் நின்று பார்த்தது.

கோரையோரச் சட்டத்தைத் தூக்கினாள். டைல்ஸைக் காணோம்; பழுப்பும் பச்சையுமாகக் கம்பளம்தான் வந்தது. ஒரு துண்டைக் கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் போட்டு, ஆக்சிஜன் அளக்கும் மீட்டரை உள்ளே விட்டு, வெயிலில் வைத்தாள். ஆக்சிஜன் மெல்ல மெல்ல ஏறியது. கறுப்புத் துணியால் மூடினாள்; இறங்கியது. துணியை எடுத்தாள், மறுபடி ஏற்றம்.

"உயிரோடதான் இருக்கு," என்று சேற்றிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். "இதைக் காட்டினா போதும், மத்ததை மறுபடி போட்டுப் பாக்க நேரம் குடுப்பாங்க."

மாமனார் குடுவையை ஒரு தினுசாகப் பார்த்தார். "இவ்வளவு அசிங்கமா இருந்தாத்தான் ஏரிக்கு நல்லதா?"

"ஆமா மாமா."

"அப்ப இனிமே நான் வீட்டுலயே குளிச்சுக்கறேன்," என்றார் ரோஷமாக.