தட்டு மாற்றிய கை

என் அப்பா பலராமன் குடித்து நான் பார்த்ததே இல்லை. கீழ்பென்னாத்தூரில் ஒரு ரைஸ் மில்லில் முப்பது வருஷம் தவிட்டுத் தூசியைச் சுவாசித்தவர். நுரையீரல் கெட்டுப்போய், இப்போது நாலு படி ஏறினாலே நின்று மூச்சு வாங்குவார்.

என் நிச்சயதார்த்தத்தன்று அவருக்கு ஒரே கவலைதான். மாப்பிள்ளை வீட்டார் எதிரில் இருமிவிடக் கூடாது. இருமினால் டி.பி. என்பார்கள், பெண்ணுக்கும் இருக்கும் என்பார்கள். போன வருஷம் ஒரு வரன் அப்படித்தான் தட்டிப்போனது. அதனால் மூச்சுக்கு என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை, காலையில் ஒன்று போட வேண்டியவர், மூன்றாக விழுங்கிவிட்டார். வாயில் வைத்து இழுக்கிற மருந்துப் பம்ப்பையும் இஷ்டத்துக்கு இழுத்திருக்கிறார். அளவு மீறினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் என்று டாக்டரும் சொல்லவில்லை, மருந்துக் கடைக்காரரும் சொல்லவில்லை. அவர்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜின் சின்ன ஹால். அப்பா ஒரு தடவைகூட இருமவில்லை. ஆனால் தாம்பூலத் தட்டை மாற்றக் கையில் எடுத்ததும் தட்டு தடதடவென்று ஆடியது. தேங்காய் உருண்டு, மாப்பிள்ளையின் அப்பா மூர்த்தியின் காலடியில் போய் விழுந்தது. அப்பாவின் நெற்றியெல்லாம் வியர்வை.

மூர்த்தி தேங்காயை எடுத்து வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "சம்பந்திக்குப் பழக்கம் உண்டுங்களா?"

"இல்லீங்க, இது மாத்திரை..." என்று அப்பா ஆரம்பித்தார்.

அம்மா ராணியம்மாள் அவரை முடிக்க விடவில்லை. "எப்பவாவது கொஞ்சம் போட்டுக்குவாருங்க. பொண்ணு போறாளேன்னு மனசு தாங்கல. இன்னிக்கு ஜாஸ்தியாயிடுச்சு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அம்மா போட்ட கணக்கு புரிந்தது. நோயாளி வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். குடிகாரன் வீட்டில் எடுப்பார்கள், இந்த ஊரில் அது ஒரு குறையே இல்லை.

மூர்த்தி சிரித்தே விட்டார். "இதுக்குப் போயி ஏங்க பயப்படுறீங்க? நம்ம வீட்லயும் உண்டுதான். நான் வேற ஏதோ சீக்குன்னு நெனச்சுட்டேன்."

தட்டு மாறியது. அப்பா என்னைப் பார்த்தார். நானாவது வாயைத் திறப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு மாப்பிள்ளை இனியனைப் பிடித்திருந்தது. வயதும் முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் புடவை மடிப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். என்ன பெண் நான்.

சாயங்காலம் இனியன் போன் செய்தார். அப்பா பக்கத்துக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார்.

"தப்பா நெனச்சுக்காத சிந்துஜா. கல்யாணத்தன்னிக்காவது உங்கப்பாவ கம்மி பண்ணிக்கச் சொல்லு. எங்க சொந்தக்காரங்க நெறைய பேரு வருவாங்க."

"சொல்றேங்க" என்றேன்.

போனை வைத்ததும் அப்பா கேட்டார். "மாப்ள என்னா சொல்லச் சொன்னாரும்மா?"

"உடம்பப் பாத்துக்கச் சொன்னாருப்பா."

அப்பா தலையாட்டினார். "நல்ல புள்ள" என்றார்.