ஓரம் தேய்ந்த டயர்

டமார் என்று ஒரு சத்தம். திருவண்ணாமலை ரோட்டு டீக்கடை பெஞ்சில் இருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். வடை போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே விட்டார். வாசலில் படுத்திருந்த நாய் ரோட்டைத் தாண்டி ஓடி, அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு பத்திரமாகக் குரைத்தது.

"எவன்டா அது, ஞாயித்துக்கிழமை அதுவுமா வெடி போடறவன்?" என்றார் பெஞ்சுக்காரர் ஒருவர்.

வெடி இல்லை. இளவரசனின் பைக். நிறுத்திவிட்டு வந்து முதல் வாய் டீ குடிப்பதற்குள் பின் டயர் வெடித்து, வண்டி இடுப்பு ஒடிந்தது போல உட்கார்ந்துவிட்டது. காடு மேடு, மலை மணல் என்று எங்கேயும் போவதற்கென்றே செய்த நெட்டையான டூரிங் வண்டி. செஞ்சி கடைவீதியில் அதை நிறுத்தினால் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். இன்றைக்கு நாற்பது பேர் நின்றார்கள்.

"வெள்ளிக்கிழமை கிளம்பணும். இப்ப போய் இது" என்றான் இளவரசன், தலையில் கை வைத்துக்கொண்டு.

அவன் மனைவி பூங்குழலி வெடித்த டயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனுக்குப் பயணக் கவலை ஒன்றுதான். அவளுக்கு அதற்கு மேல் ஒரு ரகசியம் இருந்தது.

பத்து வருடக் கல்யாண வாழ்க்கையில் முதல் நீண்ட பயணம் இது. ஒரு வாரம், ஒரே வண்டி, இரண்டு பேர். எங்கே போவது என்பதில்தான் ஒரு மாதமாக வீட்டில் சண்டை. பூங்குழலிக்குக் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவு. அங்கிருந்து வால்பாறை. இளவரசனுக்கோ தெற்கே தேரிக்காடு. செக்கச்செவேல் என்று மணல் மேடு, வளைவே இல்லாத சமவெளி. "மலையை யாரு வேணா பாப்பாங்க, மணல்ல வண்டி ஓட்டினவன் எத்தனை பேரு சொல்லு" என்பான்.

ரகசியம் இதுதான். இளவரசன் காலை ஆறரை பஸ்ஸில் விழுப்புரம் விதை கம்பெனிக்கு வேலைக்குப் போனதும், பூங்குழலி அவனுடைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அவனுடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியை எடுத்துவிடுவாள். அவலூர்பேட்டை ரோட்டில் ஏரிக்கரையை ஒட்டி வளைந்து வளைந்து போகும் இடம் ஒன்று உண்டு. அங்கே போய் வருவாள். பத்து மணிக்கு ஜெராக்ஸ் கடையைத் திறக்கும்போது ஒன்றும் தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொள்வாள். மூன்று மாதமாக இது நடக்கிறது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே நேராகக் கேட்டுப் பார்த்தாள். "நானும் ஓட்டறேங்க."

"இருநூறு கிலோ இருக்குது குழலி. சாஞ்சா உன்னால தூக்க முடியுமா? பின்னாடி உக்காந்து ஜாலியா ஊரைப் பாரு."

ஏரிக்கரையில் ஒருநாள் சாயத்தான் செய்தது. யாரும் இல்லை. சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, முட்டியை மடக்கி, பின்னாலேயே அடி அடியாக நடந்து தூக்கி நிறுத்தினாள். அன்றைக்கு வந்த சிரிப்பு கடையில் ஜெராக்ஸ் போடும்போதும் அடங்கவில்லை. வந்தவர் தன் ஆதார் போட்டோவைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று கோபித்துக்கொண்டு போனார்.

அவள் ஆசை ஒன்றே ஒன்று. கொல்லிமலை அடிவாரத்தில் சாவியைக் கேட்டு வாங்கி, எழுபது வளைவையும் தானே ஏற வேண்டும். அதற்கு வண்டி முதலில் மலைப் பக்கம் திரும்ப வேண்டும்.

இருவருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, டயர் கடை தாவூத் பாய் வாசலிலேயே நின்றிருந்தார்.

"சத்தம் இங்க வரைக்கும் கேட்டுது. எப்படியும் நம்ம கடைக்குத்தான் வரும்னு தண்ணி குடிச்சுட்டு ரெடியா நின்னுக்கிட்டு இருக்கேன். வாம்மா பூங்குழலி. இந்த வெயில்ல உன்னையும் தள்ள விட்டுட்டானா?"

"பாய், ஊர்க் கதை அப்புறம். கட்டை டயர் ரெண்டு போட்டு விடுங்க. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்றான் இளவரசன்.

கடையில் அந்த வண்டிக்கு ஏற்ற அளவில் இரண்டு ஜோடி தொங்கின. ஒன்று, பாளம் பாளமாக ரப்பர் கட்டை வைத்தது. டிராக்டர் டயருக்குத் தம்பி என்று சொல்லலாம். இன்னொன்று ரோடு டயர். மழைத் தண்ணீர் வழிய வாய்க்கால் பிடித்தது போல மெல்லிய கோடுகள் மட்டும் இருக்கும்.

பூங்குழலி இரண்டாவது ஜோடியைத் தொட்டுப் பார்த்தாள். "இதைப் போடலாங்க."

"அது ரோடு டயர். நம்ம வண்டிக்கு அது போட்டா, மீசை எடுத்த போலீஸ்காரன் மாதிரி இருக்கும்."

"அழகுக்கா டயர் போடுவாங்க? தாரு ரோட்டுல இப்ப இருக்கற கட்டை டயரே ஊங்குனு ஊளை விடுது. வேகம் கூடினா ஹேண்டில்பாரே கையில நடுங்கும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இளவரசன் திரும்பினான். "ஹேண்டில்பாரு நடுங்கறது பின்னாடி உக்காந்தவளுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தானே வரேன். தோளு நடுங்குது."

தாவூத் பாய் ஸ்பேனரை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சண்டை போடறதுக்கு முன்னாடி எங்க போறீங்கன்னு சொல்லுங்க. அதைச் சொல்லாம டயரு கேக்கறது, வியாதியச் சொல்லாம மாத்திரை கேக்கற மாதிரி."

"தேரிக்காடு" என்றான் இளவரசன்.

"கொல்லிமலை" என்றாள் பூங்குழலி.

"நல்லா போச்சு" என்றார் பாய். "மணலுக்குன்னா கட்டை டயரு. ரோடு டயர்ல மணலுக்குப் போனா, எண்ணெய் தடவிக்கிட்டு வழுக்கு மரம் ஏறின கதைதான். ஆனா மலை ரோட்டுக்கு அது ஆகாது. வளைவுல வண்டியைச் சாய்க்கறப்ப ஒவ்வொரு கட்டையும் ஒரு பக்கமா மடங்கும். ஆடற பல்லை வச்சுக்கிட்டு முறுக்கு கடிச்சுப் பாரு, அப்படி இருக்கும். மழை பேஞ்சா இன்னும் மோசம்."

"கேட்டுக்கிட்டியா? கட்டை டயர் போட்டா மலைக்குப் போக முடியாது" என்றான் இளவரசன். அவன் குரலில் இருந்த நிம்மதியைப் பூங்குழலி கவனித்தாள். ஆனால் அதைப் பற்றி யோசிக்க நேரம் இல்லை. பாய் பின்சக்கரத்தைக் கழற்றி, வெடித்த டயரை இரும்புப் பட்டையால் நெம்பி எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டார்.

திருப்பியவர் அப்படியே நின்றார். கட்டை விரலால் டயரின் ஓரத்தைத் தடவினார். பிறகு அடுத்த ஓரத்தைத் தடவினார்.

"இளவரசு, இந்த வண்டியை நீதான் ஓட்டறியா?"

பூங்குழலி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான்தான் பாய். வேற யாரு?"

"இல்ல, கேக்கறேன். நம்ம ஊர்ல பெரிய வண்டி வச்சிருக்கறவங்க எல்லாருக்கும் டயரு நடுவுலதான் தேயும். ஓரத்துல புது ரப்பர்ல நிக்குமே முடி, அது அப்படியே நிக்கும். வளைவுல சாய்க்கப் பயம். இதுல ஒரு முடி இல்ல. ரெண்டு பக்கமும் நுனி வரைக்கும் ஒரே சீரா தேஞ்சிருக்குது. வண்டியைப் படுக்க வச்சு எழுப்பற ஆளோட டயரு இது." பாய் குரலைத் தாழ்த்தவே இல்லை. "நேத்து சாயங்காலம் நீ கடைவீதி முனையில திரும்பினதைப் பாத்தேன். பீரோவைத் திருப்பற மாதிரி திருப்பினே."

ரோட்டில் பால் வண்டி ஒன்று சடாரென்று நின்றது. ஓட்டி வந்தவன் கன்னியப்பன். தினமும் காலையில் அவலூர்பேட்டைப் பக்கம் போய்ப் பால் எடுத்து வருகிறவன். இறங்காமலே தலையை நீட்டினான்.

"தலைவரே, டயரு வெடிச்சுடுச்சாமே. பின்ன வெடிக்காம? பாய், இவரு ஓட்டறதை நீங்க பாக்கணும். போன வெள்ளிக்கிழமை காலையில ஏரிக்கரை ரெண்டாவது வளைவுல இவரு படுத்து எழுந்தாரு பாருங்க, நான் வண்டியை ஓரங்கட்டிட்டுக் கை தட்டினேன். திரும்பிக் கூடப் பாக்கல. என்னா ஒரு கெத்து."

போச்சு என்று நினைத்தாள் பூங்குழலி. வெள்ளிக்கிழமை காலையில் இளவரசன் விழுப்புரம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தான். இப்போது அவன் வாயைத் திறந்து "நானா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. சாவியைப் பூட்டி வைத்துவிடுவான். கொல்லிமலை அவ்வளவுதான்.

இளவரசன் தொண்டையைக் கனைத்தான்.

"ரோடு காலியா இருந்துச்சு கன்னியப்பா. அதான் கொஞ்சம் சாய்ச்சேன்."

பூங்குழலி அவனையே பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் தொங்கும் டயர்களை அக்கறையாக எண்ணிக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

"சும்மா சொல்லக்கூடாது தலைவரே. பால் சொசைட்டியில உங்களப் பத்திதான் பேச்சு" என்றான் கன்னியப்பன். "எனக்கும் ஒருநாள் சொல்லிக் குடுங்க."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றான் இளவரசன், பெரிய மனுஷன் மாதிரி.

தாவூத் பாய் டயரால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அதற்கு மேல் பூங்குழலிக்குப் பொறுக்கவில்லை. மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது பொங்கிக்கொண்டு வந்தது.

"கன்னியப்பண்ணே, கத்துக்கணும்னா என்கிட்ட வாங்க. ஏரிக்கரையில பாத்தது என்னை."

கன்னியப்பன் சிரித்தான். பிறகு யாரும் கூடச் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்தினான். அவள் உயரத்தை ஒரு தரம் பார்த்தான், வண்டி உயரத்தை ஒரு தரம் பார்த்தான். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்த பிறகுதான் அவனுக்கு வண்டியை எடுக்கத் தோன்றியது. போகும்போதும் தலை பின்பக்கம்தான் திரும்பியிருந்தது.

"இன்னிக்குச் சொசைட்டியில பால் திரிஞ்சுடும்" என்றார் பாய்.

பூங்குழலி கணவன் எதிரில் போய் நின்றாள். பயம் போய்விட்டது. முகம் ஜிவுஜிவு என்று இருந்தது. "உங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

"முதல் வாரத்துல இருந்தே தெரியும்" என்றான் இளவரசன். "மீட்டரு தானா ஏறுமா? வாரம் பூரா பஸ்ல போறவன் வண்டியில கிலோமீட்டரு ஏறியும் பெட்ரோல் மட்டும் குறையாம இருந்தா சந்தேகம் வராதா? ஒரு நாள் லீவு போட்டுட்டு ஏரிக்கரைப் புளியமரத்தடியில ஒளிஞ்சு நின்னு பாத்தேன். ரெண்டாவது வளைவுல நீ வந்த வேகத்தைப் பாத்து எனக்கு மூச்சே நின்னுடுச்சு. அப்புறம் ஊர்ல எல்லாரும் 'சூப்பரா ஓட்டறே'ன்னு என்னைச் சொல்ல ஆரம்பிச்சாங்களா, சரி, வர்ற பேரை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

"அட கூறு கெட்டவனே" என்றார் பாய் பாசமாக.

"பாய், ரோடு டயரே மாட்டுங்க" என்றான் இளவரசன். "ரெண்டும்."

பாய் கொக்கியிலிருந்து ரோடு டயரை இறக்கி, உள்ளே புது டியூபை நுழைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, சக்கரத்தில் ஏற்றிக் காற்று பிடித்தார். டப், டப் என்று இரண்டு பக்கமும் டயர் விளிம்பில் போய் உட்காரும் சத்தம் கேட்டது. பூங்குழலிக்கு அது கல்யாண மேளம் மாதிரி இருந்தது. கறுகறு என்று, ஓரத்தில் ரப்பர் முடி சிலிர்த்துக்கொண்டு நின்ற புது டயர். எழுபது வளைவில் அந்த முடியில் ஒன்று மிச்சம் இருக்காது.

அப்போதுதான் அவளுக்கு அந்த நிம்மதிக் குரல் ஞாபகம் வந்தது.

"எல்லாம் தெரிஞ்சும் ஏங்க ஒரு மாசமா மணலு மணலுன்னு அடம் பிடிச்சீங்க? மலைக்குப் போனா நான் சாவி கேப்பேன்னா?"

இளவரசன் பாய் எட்டப் போகும்வரை காத்திருந்தான். ஹெல்மெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"சாவியை நானே குடுத்திருப்பேன் குழலி, ஆனா கூட நானும் வரணுமே... செஞ்சியிலயே பொறந்து வளந்தவன், ராஜகிரிக் கோட்டை உச்சியில பள்ளத்துக்கு மேல இருக்குதே அந்தப் பாலம், இன்னிய வரைக்கும் அதைத் தாண்டினது இல்ல நான், கீழ பாத்தா எனக்குக் காலு நிக்காது."