முத்தியானியின் கையெழுத்து

கட்டிலின் தலைமாட்டில் கவின்யா அத்தை. சன்னலோரப் பெஞ்சில் சபை மூப்பர் இருவர், ஆளுக்கொரு தேநீர்க் குவளையோடு. சாய்வு நாற்காலியில் போதகர் கியெங்கோ. அது முத்தியானியின் நாற்காலி, யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. தட்டச்சுப் பொறிக்கு முன்னால் முக்காலியில் சியோகாவு. கட்டிலில் அவள் அப்பா முத்தியானி, தாடைக்கட்டோடு. விடியும்போது மூச்சு நின்றுவிட்டது. மச்சாக்கோஸ் நகரிலிருந்து சவவண்டி வரவேண்டும்.

கியெங்கோ ஒரு தாளை நீட்டினார். அப்பா பாடம் நடத்திய இறையியல் கல்லூரிக்கு அவரே எழுதியதாக இருந்தது. மிஷனரிகள் வருமுன்பே நம் முன்னோர் மழை கேட்டது இதே கடவுளிடம்தான் என்று என் புத்தகத்தின் நான்காம் அதிகாரத்தில் எழுதியது தவறு; திரும்பப் பெறுகிறேன். இப்படிக்கு, முத்தியானி. நேற்றைய தேதி.

“கையெழுத்து மட்டுந்தாம்மா பாக்கி.”

“அவருதான் போயிட்டாரே, போதகரே.”

“மூணு வருஷமா கண்ணு தெரியாதவருக்கு யாரு கையெழுத்துப் போட்டா? நீதானே? இதையும் போடு. கல்லூரித் தோட்டத்துல உங்கம்மா பக்கத்துலயே எடம். போடலேன்னா கல்லூரிக் குழு ஒத்துக்காது.”

அம்மா பக்கத்தில் கிடக்க வேண்டும். அப்பா தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

“சிலுவைய விட்டு ஒரு அடி நகராதவன்டா என் தம்பி,” என்றாள் அத்தை. “உனக்குப் பாடம் சொன்னவனும் அவன்தான். முதல்ல அவன் நாற்காலிய விட்டு எந்திரி.”

சியோகாவு பேனாவைத் திறந்தாள். பிறகு தாளோடு எழுந்து கட்டிலருகே போய், உரக்கப் படித்தாள். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள். எந்தக் கடிதமானாலும் இரண்டு தடவை படிக்க வேண்டும். அப்பா தலையாட்டினால்தான் கையெழுத்து. காத்திருந்தாள். பெஞ்சில் ஒரு குவளை பாதியில் நின்றது.

“தலையாட்டல,” என்றாள்.

“என்னம்மா விளையாட்டு இது?”

தாளைப் போதகர் மடியில் வைத்துவிட்டுத் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்து கல்லூரிக்கு ஒரு கடிதம் அடித்தாள். அப்பா இன்று விடியற்காலையில் இறந்தார். நான்காம் அதிகாரம் அவர் எழுதியபடியே இருக்கும். அம்மா பக்கத்தில் இடமில்லையென்றால் எங்கள் சோளக்காட்டில் புதைத்துக்கொள்கிறோம். இப்படிக்கு, சியோகாவு.

அதையும் அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.

“குடு, நானே கொண்டுபோறேன்,” என்றார் கியெங்கோ.

“உங்களுக்கெதுக்குச் சிரமம்? மினிபஸ் வருதே.”

உறையின் ஓரத்தை நாவால் நனைத்து ஒட்டினாள். சாலையில் மினிபஸ் நின்றதும் நடத்துநர் கை நீட்டினான்.

“ஐயா கடுதாசியா? கல்லூரி வாசல்ல தானே?”

“வாசல்ல இல்ல. முதல்வர் கையில குடு.”

உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவன் படியில் தொற்றினான். வண்டி புழுதிக்குள் மறையும்வரை சியோகாவு நின்றாள். நாக்கில் பசை இன்னும் கசந்தது.