நாலாவது போர்ட்

என் கணவர் என் கையிலிருந்து இரும்பு தேய்க்கும் கிரைண்டரைப் பிடுங்கியபோது காலை ஒன்பது மணி இருக்கும். பிடுங்கினார் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "குடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். எதிரில், இன்ஜின் ஹெட்டைப் பழுதுக்குக் கொண்டுவந்திருந்த வேன்காரர் கைபேசியைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். டிரைவர்கள் குழுவில் போடப்போகிறாராம். கேமராவைக் கண்டால் என் கணவருக்குக் கை சும்மா இருக்காது. ஐந்து நாளாக அந்த ஹெட்டை எட்டிக்கூடப் பார்க்காதவர், கறை படாத சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார்.

எங்களுடையது இன்ஜின் ஹெட், அதாவது இன்ஜினின் மேல்மூடி, பழுது பார்க்கும் பட்டறை. முன்பக்கம் அவருடைய மேசை, வருகிறவர்களுக்கு மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி. நடுவில் தகரத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால், காற்றே வராத பாதியில் நான். வருகிறவர்கள் அவரை ஹெட்மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். அவரும் பாடம் நடத்துகிற மாதிரியே பேசுவார். பேச்சு அவருடையது, வேலை என்னுடையது. ஆரம்பத்தில் இரண்டு ஹெட்டைக் கெடுத்த பிறகு அவர் கருவியைத் தொடுவதையே விட்டுவிட்டார். கூலிக்கு வைத்திருந்த ஆளும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன வாரம் நான் தொட்டேன். பதினோரு வருஷம் ஓடிவிட்டது. "அண்ணன் கை வேற கை" என்று முன்பக்கம் யாராவது புகழும்போது பின்பக்கம் நான் இரும்புத் தூளைத் துப்பிக்கொண்டிருப்பேன். வேலை வந்தால் போதும், யார் பேரில் வந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பொய். ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும்.

வேன்காரர் அந்த ஹெட்டைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு வந்திருந்தார். மேட்டில் ஏறும்போது ரேடியேட்டர் தண்ணீர் கொதித்திருக்கிறது. மனுஷன் நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார். ஹெட் வளைந்து, இரண்டாவது சிலிண்டரின் இரண்டு வால்வுக்கும் நடுவில் விரிசல் விட்டிருந்தது. புது ஹெட் வாங்க வழியில்லை. இரண்டு கடையில் எடைக்குப் போடச் சொல்லிவிட்டார்களாம். மேட்டுக்கு மேலே நடக்கும் கட்டட வேலைக்குச் சாமான் ஏற்றும் ஓட்டம் அவருக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் வண்டி அங்கே போய்ச் சேராவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். கிரைண்டரைப் பிடுங்கிய அன்றைக்கு வியாழன்.

வார்ப்பிரும்பு ரோஷக்காரப் பொருள். அவசரப்பட்டுச் சூடு காட்டினால் வெல்டிங் வைத்துப் பற்ற வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு விரிசல் விடும். மொத்த ஹெட்டையும் உலையில் வைத்துப் பக்குவமாகச் சூடேற்றிப் பற்ற வைக்க எங்களிடம் வசதி கிடையாது. அதனால் தைத்தேன். விரிசலின் மேல் ஒரு துளை, துளைக்குள் திருகு மரை, மரையில் திருகி இறக்கிய ஒரு இரும்பு ஆணி. ஆணியை அறுத்துத் தட்டிவிட்டு, அதன் விளிம்பைக் கடித்தபடி அடுத்த துளை. பதினேழு ஆணி போட்டேன். விரிசல் மிச்சம் இருந்தால் காட்டட்டும் என்று மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்துச் சுண்ணாம்புப் பொடி பூசினேன், வெள்ளையில் ஒரு கோடுகூட ஊறி எழவில்லை. அடிப்பரப்பைத் தேய்த்து மட்டம் செய்தேன், வால்வு உட்காரும் இடங்களை வெட்டினேன். சுமையோடு மேடு ஏறுகிற வண்டியாயிற்றே என்று, அவர் கேட்காமலே காற்று உள்ளே போகும் துவாரங்களான நாலு போர்ட்டையும் கிரைண்டரால் தேய்த்து விரித்துவிட நினைத்தேன். வார்ப்பில் விட்டுப்போன முண்டும் முடிச்சும் எடுத்தால் இன்ஜின் நன்றாக மூச்சு விடும். புதுச் சாமான் எதுவும் வாங்காமல் இழுவையைக் கூட்ட, காசில்லாதவனுக்கு இருக்கிற ஒரே வழி அது.

ஆனால் போர்ட்டின் சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் பாதை இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்று கண்ணுக்குத் தெரியாது, காதுதான் சொல்லும். சுவர் மெலிய மெலிய கிரைண்டரின் முனகல் மேலே ஏறிக் கீச்சிடும். அதற்கு முன்னால் கையை எடுத்துவிட வேண்டும். மூன்று போர்ட் முடித்து நாலாவதில் கிரைண்டர் முனையை வைக்கப் போனேன். அப்போதுதான் இவர் வந்தார்.

"இது பதினோரு வருஷக் கை, தம்பி" என்றார் கேமராவைப் பார்த்து. "கண்ணை மூடிக்கிட்டே பண்ணுவேன்."

"என்னங்க, கீழ்ப்பக்கம் வேணாம். அங்க மெலிசு."

"தெரியும்மா."

என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. முகத்தைக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டு முனையைக் கீழ் வளைவில் வைத்து அழுத்தினார். முனகல் ஏறியது. "நிறுத்துங்க! நிறுத்துங்கன்னா!" என்று கத்தினேன். அவருக்கு அந்தச் சத்தத்துக்கு அர்த்தமே தெரியவில்லை, நான் கத்தியதும் காதில் விழவில்லை. கீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் முனை சட்டென்று உள்ளே போனது. கிரைண்டரை நிறுத்தினார். பருப்பு அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து கொஞ்சம் துரு உதிர்ந்தது.

 பிறகு அவர் கிரைண்டரை என் பக்கமாக மேசையில் வைத்தார். வைத்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன், ரொம்ப ஆழமா எடுக்காதன்னு. இவ ஏற்கெனவே அரிச்சு வெச்சிருக்கா தம்பி. நான் தொட்டதும் விட்டுடுச்சு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் தொடவே தொடாத போர்ட். சொரசொரப்பு அப்படியே இருக்கிறது, குருடன் தடவினால்கூடச் சொல்லிவிடுவான். பழியைத் தூக்கி என் தலையில் கட்டிவிட்டு, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். நான் வேன்காரரிடம் திரும்பினேன்.

"தம்பி, அந்த வீடியோவைப் போடுங்க. எல்லாரும் பாப்போம்."

வேன்காரர் என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். கட்டைவிரல் இரண்டு தடவை அசைந்தது.

"அழிச்சிட்டேன்க்கா. எதுக்கு வீட்டுக்குள்ள சண்டை? அண்ணன் பெரிய மனுஷன். நீங்க எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துடுங்க."

அடப்பாவி! கண்ணெதிரே பார்த்தவன். என் கணவர் செய்ததைக்கூட நான் ஒருவிதத்தில் எதிர்பார்த்திருந்தேன். பயந்தால் பொய் சொல்லுகிற ஆள் அவர், தெரிந்த விஷயம். ஆனால் இவன்? ஐந்து நாளாக என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவன், ஒவ்வொரு ஆணி இறங்கும்போதும் "பாத்துக்கா, பாத்துக்கா" என்றவன். அண்ணனுக்கு மரியாதை, அக்காவுக்கு வேலை. எவ்வளவு அழகாகப் பிரித்துவிட்டான்!

பின்னால் இருந்த குழாயடிக்குப் போய்க் கை கழுவினேன். கறுப்பாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. கணவர் பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அவன் முன்னாடி மானத்தை வாங்காத. என் பேர் போச்சுன்னா கடையும் போச்சு. அப்புறம் என்ன பண்ணுவ?"

"கடை உங்க பேர்ல ஓடல. என் காதுல ஓடுது."

"கோவத்துல பேசற."

"ஆமா. கோவத்துலதான் பேசறேன். இத்தனை வருஷமா பேசாம இருந்ததுக்கும் சேத்துப் பேசறேன்."

அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஓட்டையோடு கிடக்கட்டும், ஹெட்மாஸ்டரே அடைக்கட்டும். ஆனால் பதினேழு ஆணி. ஒவ்வொன்றும் எந்த அளவு முறுக்கில் நின்றது என்று இன்னும் என் மணிக்கட்டுக்குத் தெரியும். அதை எடைக்குப் போகவிட எனக்கு மனசு வரவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. இவர்கள் இரண்டு பேருக்கும் அது நன்றாகத் தெரியும், அதை நம்பித்தான் நிற்கிறார்கள்.

திரும்பி வந்தேன்.

"தம்பி, ஃபோனை எடுங்க. இப்ப எடுங்க வீடியோ. கையை மட்டும் இல்ல, என் மூஞ்சியோட சேத்து எடுங்க."

"அக்கா, அது வந்து..."

"முடியாதுன்னா சாக்கு அங்க கிடக்கு. கட்டி எடுத்துட்டுப் போயிடுங்க." கணவரிடம் லைட்டை நீட்டினேன். "நீங்க இதைப் பிடிங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேன்காரர் கைபேசியைத் தூக்கினார். கணவர் லைட்டை வாங்கினார். "இது அவர் போட்ட ஓட்டை. அடைக்கிறது நான்" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னேன். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும்.

நல்லவேளையாக ஓட்டை போர்ட்டின் வாய்க்குப் பக்கத்தில், ட்ரில் நுழைகிற கோணத்தில் விழுந்திருந்தது. சூடு காட்ட முடியாது, காட்டினால் தைத்ததும் மட்டம் செய்ததும் பாழ். அதனால் சுற்றிலும் கெட்டியான இரும்பு அகப்படும்வரை ஓட்டையைப் பெரிதாக்கினேன். மரை போட்டேன். பழைய ஹெட் துண்டிலிருந்து மரையுள்ள ஓர் அடைப்பு கடைந்து, பசை தடவித் திருகி, விளிம்பைத் தட்டி இறுக்கி, மேலே வழவழப்பாக இழைத்தேன். லைட் நடுவில் ஒருமுறை சரிந்தது. "தூக்கிப் பிடிங்க" என்றேன், தூக்கினார். பசை இறுகும்வரை நாலு மணி நேரம் காத்திருந்தோம். டீ வந்தது, எனக்கு வைத்த டீ ஆறிப்போனது.

சாயங்காலம் தண்ணீர்ப் பாதைகளை ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, காற்றுக் குழாயைப் பொருத்தி, ஹெட்டைத் தொட்டிக்குள் இறக்கினோம். உள்ளே காற்றை ஏற்றினால், பழுது இருக்கிற இடத்திலிருந்து குமிழி வரும். வந்தால் ஹெட் செத்தது, ஓட்டமும் போனது. கணவர் காற்றுத் திருகில் கையை வைத்துக்கொண்டு தயங்கினார்.

"வீடியோவை இப்ப நிறுத்திடலாமே. ஒருவேளை ஏதாவது ஆச்சுன்னா, உன் பேருதானே கெடும்."

எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

"ஓடட்டும். கெட்டாலும் என் பேராவே கெடட்டும். திறங்க."

திருகினார். ரப்பர் குழாய் விறைத்தது. தொட்டித் தண்ணீர் ஒருமுறை நடுங்கி அடங்கியது. வேன்காரர் கைபேசியை இன்னும் கீழே இறக்கிப் பிடித்தார். நான் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். நாலாவது போர்ட்டின் வாயில், தண்ணீருக்கடியில், ஒரு குமிழி ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து வந்ததா, ஹெட்டை இறக்கும்போது சிக்கிய வெறும் காற்றா என்று சொல்ல முடியவில்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு அதை விரலால் துடைத்தெடுத்தேன். அது மேலே வந்து உடைந்தது. கையை வெளியே எடுக்காமல், அடுத்தது வருகிறதா என்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.