வெளுத்துப்போன பிலிம்

அக்காவுக்குக் குளியலறைதான் ஸ்டூடியோ. பிலிமைத் தன் கையாலேயே கழுவி, சுரண்டி, மை பூசிப் படம் பண்ணுவாள். "இதையெல்லாம் யார் பார்ப்பாங்க?" என்று எவராவது கேட்டுவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

தங்கைக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றுவிட்டார் டாக்டர். வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கா இந்தக் கதி!

"என் பேச்செல்லாம் போன்ல கிடக்குக்கா. ஆனா குரல்வளை வேலை செய்யறதை நான் பாக்கணும். பிலிம்ல எடுத்து வை."

டாக்டர் கேமரா வைத்த மெல்லிய குழாயைத் தொண்டைக்குள் விட்டார். தங்கை "ஈ" என்று இழுக்க, திரையில் வெள்ளையாக இரண்டு குரல் நாண்கள் சேர்ந்து நடுங்கின, பிரிந்தன. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் படமெடுத்தாள்.

ஆபரேஷன் முடிந்து தங்கை பிழைத்தாள் என்று தெரிந்த பிறகுதான் அக்கா பிலிமைக் கழுவ உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் தூக்கம். இருட்டில் இரண்டு மருந்து வாளிகள்: முதலாவது படத்தை வரவழைக்கும், அடுத்தது வராத மீதியைக் கரைத்துவிட்டு அதை நிலைநிறுத்தும். பாவி, இரண்டாவதில் முதலில் போட்டுவிட்டாள். விளக்கைப் போட்டால் பிலிம் கண்ணாடியாய் வெளுத்துக் கிடந்தது.

தங்கை கழுத்துக் கட்டோடு வீடு வந்தபோது, கொடியில் தொங்கிய வெறும் பிலிமில் வெயில் பட்டு, அறையே தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

"வாளியை மாத்திட்டேன்டி. எல்லாம் போச்சு," என்று அக்கா ஓவென்று அழுதாள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று முழுக்க அக்காவைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் தங்கையே பிலிமை அவிழ்த்து மேஜையில் விரித்தாள். பிலிமின் ஓரம்தான் சத்தத்துக்கான இடம்; அங்கே இருக்கும் கோடுகளைத்தான் புரொஜெக்டர் ஒலியாக்கும். அந்த ஓரத்தில் கறுப்பு மையால் கோடு போட ஆரம்பித்தாள். தடித்தது, மெலிந்தது, நெருக்கமாக, தள்ளித்தள்ளி. என்னடி பண்றே என்று கேட்க அக்காவுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஓட்டினார்கள். சுவரில் வெறும் வெளிச்சம். ஸ்பீக்கரிலிருந்து ஒரு கரகரப்பு கிளம்பியது, உறுமியது, கீச்சிட்டது, படபடவென்று பொரிந்தது. தங்கை எழுந்துபோய் சத்தத்தை முழுக்கக் கூட்டினாள்.

கதவு தடதடத்தது. பக்கத்து வீட்டுக்காரர்.

"யாரும்மா இப்படிக் கத்தறது? காது கிழியுது!"

அக்கா வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அவர் முன்னால் நிமிர்ந்து நின்று, நான்தான் என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினாள்.