கத்த வராத பேய்

அவளுக்குக் கத்த வரவில்லை. அவள்தான் படத்தில் பேய்.

சோப்பு, செருப்பு, கார் டயர் என்று எதை விற்றாலும் விளம்பரத்தில் பக்கத்தில் நின்றவள் அவள். வயது கொஞ்சம் கூடியதும் டயர்காரர்கள்கூட வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் டைரக்டர் கூப்பிட்டார். அவர் எடுப்பது சின்னப் பேய்ப் படங்கள். பலருக்கு அவர் பெயரே தெரியாது. தெரிந்தவர்கள் ஒரே படத்தை வெறிபிடித்துப் பத்துத் தடவை பார்த்து, பேயோடு சேர்ந்து வசனம் பேசுவார்கள்.

"மேடம், நீங்க கத்துறது காபி கேக்குற மாதிரி இருக்கு" என்றார் டைரக்டர்.

"டப்பிங்ல வேற குரல் போட்டுக்கலாமே சார்" என்றாள் அக்கா. தங்கையின் கால்ஷீட்டைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

"கூலிக்குக் கத்தினா நம்ம பசங்க கண்டுபிடிச்சிடுவாங்கம்மா. ஓட்டியே கொன்னுடுவாங்க. இன்னிக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் பாக்கணும். தப்பா நினைக்காதீங்க."

இந்தப் படமும் போனால் கூப்பிட ஆளில்லை. இருவருக்கும் தெரியும்.

மேக்கப்காரர் அவள் கன்னத்தில் ரப்பர் தோலை ஒட்டினார். பழைய பசை தீர்ந்து, அவசரத்துக்கு வாங்கிய புதுப் பசை. "கொஞ்சம் சுள்ளுங்கும். ரொம்ப எரிஞ்சா சொல்லிடும்மா."

ரொம்ப எரிந்தது. அதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள். விளக்கு விழுந்தபின் முகம் கோணக் கூடாது என்பது அவள் உடம்பில் ஊறிய பாடம். விளம்பரங்களில் தொளதொள உடையை முதுகுப்பக்கம் ஊசி குத்தி இறுக்குவார்கள். ஊசி தோலில் ஏறினாலும் சிரிப்பு கலைந்ததில்லை. இப்போதும் கலையவில்லை. சொன்னபோதெல்லாம் வாயைத் திறந்தாள். காபிதான் கேட்டாள்.

இடைவேளையில் மேக்கப்காரர் ரப்பரை உரித்தார். கூடவே அவள் தோலும் வந்தது.

டீ கொண்டுவந்த அக்கா அதைப் பார்த்தாள். டம்ளர் கீழே போனது. அவள் அலறிய அலறலில் வெளியே இருந்த சவுண்ட்காரர் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். தங்கையின் காலரில் மைக் அணைக்காமல் இருந்தது.

டைரக்டர் ஓடிவந்தார். "வண்டி எடுங்கய்யா, ஆஸ்பத்திரிக்கு" என்றார். அடுத்து, தணிந்த குரலில் சவுண்ட்காரரிடம் கேட்டார்: "பதிவாச்சா?"

"முழுசா, சார்."

வண்டியில் அக்கா கேட்டாள்: "ஏண்டி சொல்லல? எரியலையா?"

"எரிஞ்சுது."

"அப்புறம்?"

"லைட் போட்டிருந்தாங்க."

டாக்டர் கட்டுப் போட்டார். தழும்பு நிற்கும் என்றார். டைரக்டர் கட்டில் ஓரமாக வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். மேடம் வாய் திறந்த ஷாட் இருக்கிறது. அக்கா சம்மதித்தால் அந்தச் சத்தத்தை அதில் வைத்துவிடலாம். அடுத்த படத்துக்கும் மேடம்தான்.

"வாயில நல்லா வருது. ஆஸ்பத்திரியாச்சேன்னு பாக்குறேன்" என்றாள் அக்கா.

"குடுத்துடுக்கா" என்றாள் தங்கை.

"மூஞ்சி போச்சுடி. இனிமே எவன் கூப்பிடுவான் உன்னை?"

"இவங்க கூப்பிடுவாங்க."

அக்கா சரி என்று தலையை ஆட்டினாள்.

படம் வந்தது. பேய் வாயைத் திறந்ததும் தியேட்டர் மொத்தமும் அக்காவின் குரலோடு சேர்ந்து அலறிக் கைதட்டியது. அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். தங்கை கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள். நன்றாக வந்திருப்பதாகத்தான் பட்டது.